பட்டியலில் விடுபட்ட மந்தைவெளி வீடு

காலை ஏழரை மணி, பதினோரு வீடுகள், அளவு டேப்பின் மறுமுனையில் என் ஆய்வு மாணவி தேவகி. நகரமைப்பு வரலாறு படிக்கிறவனுக்குப் பாதிப் பிழைப்பு அடுத்தவர் வாசலில்தான். டேப்போடு நின்று பார்த்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

டேப்பைக் கண்டால்

மந்தைவெளியில் ஒரு மாடி வீட்டின் முகப்பை அளந்துகொண்டிருந்தோம். கீழே சலீம் பாயின் தையல்கடை. டேப் பிடித்து வருகிறவர்கள் ரோடு அகலமாக்க வந்தவர்கள் என்பது அந்தத் தெருவின் அனுபவம். பாய் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். பழைய வீடுகளைப் பற்றி எழுதத்தான் அளக்கிறோம் என்று விளக்கினேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"இடிக்கிறதுன்னா நாள் சொல்ட்டு இடி சார், வெள்ளிக்கிழம பத்து ப்ளவுஸ் டெலிவரி கீது."

பாராட்டியது தப்பு

மாடியில் வீட்டுக்காரர் ராகவன், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். காபி கொடுத்தார். உற்சாகத்தில் நான் வளைந்த பால்கனியையும் தேக்குப் படிகளையும் புகழ்ந்து, "பாரம்பரியப் பட்டியலுக்கே சிபாரிசு செய்யலாம்" என்றேன். எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. பட்டியலில் ஏறினால் இடிக்கவோ விற்கவோ முடியாது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். பத்தே நாளில் பில்டரை அழைத்துவிட்டார். கடையைக் காலி செய்யப் பாய்க்கு இரண்டு மாதம் கெடு. பதறிப்போய் ஏன் என்று கேட்டேன்.

"நீங்க நன்னாயிருக்குன்னு சொல்லிட்டுப் போனேளே, அதான் சார் பயம் வந்துடுத்து."

பச்சை ஷட்டர்

பாய் பெசன்ட் நகரில் என் வீட்டைத் தேடி வந்தார். இருபது வருஷ வாடிக்கை அந்தத் தெருவில்தான், வேறெங்கே போவது என்றார். அன்று மாலையே அந்த வீட்டை என் சிபாரிசுப் பட்டியலிலிருந்து எடுத்தேன். காரணம் என்ற கட்டத்தில், 'முகப்பு பெரிதும் மாற்றப்பட்டுள்ளது' என்று எழுதினேன். மாற்றம் என்பது பாய் போட்ட பச்சை ஷட்டர் ஒன்றுதான்.

நகலை ராகவனிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். பயம் போனதும் அவசரமும் போயிற்று. பில்டரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். அவருக்கும் அந்தப் பால்கனியை விட்டுப் போக மனமில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

கெடு முடிகிற நாளில் கடைக்குப் போனேன். பாய் மெஷினிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

"என் ஷட்டரத் திட்டி எழுதினியாமே, டாங்க்ஸ் சார்."

தெருவின் மற்ற வீடுகளை மனதாரப் புகழ்ந்து நான் எழுதிய அறிக்கை டிசம்பரில் வெளிவந்தது. பிப்ரவரி இரண்டாம் வாரம் எதிர்வீட்டை இடித்தார்கள்.