பட்டருக்கு அடியில் சம்பல்

வகுப்பில் வரவு கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது நோர்வூட்டிலிருந்து என் பழைய விடுதித் தோழி ஸ்டெல்லாவின் குரல் பதிவு வந்தது. பாட நேரத்தில் போனைத் தொடுவதில்லை என்ற வீறாப்பு எனக்கு உண்டு. இடைவேளையில்தான் கேட்டேன். "லொறி அண்ணே நேத்து தவறிட்டாருடி. நாளைக்கு எடுக்குறாங்க. நீ கட்டாயம் வந்துரு." அதற்குப் பிறகு கையிலிருந்த பனிஸைத் தின்ன முடியவில்லை. பக்கத்து மேசை ஆசிரியையிடம் கொடுத்துவிட்டேன்.

அவர் பெயர் சுப்பையா என்பது மரண அறிவித்தலைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரியும். ஹட்டனில் ஆசிரியர் கலாசாலை விடுதியில் இருந்த எங்களுக்கெல்லாம் அவர் லொறி அண்ணன்தான். பல வருடம் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து லொறி ஓட்டியவர். ஓய்வுபெற்ற பிறகு, தோட்டத்தில் கழித்துப்போட்ட ஒரு லொறியை வாங்கி, பின்பக்கம் அடுப்பும் இரும்புக் கல்லும் வைத்து, இராத்திரிக் கடையாக்கிக்கொண்டார். எவ்வளவு கழுவியும் அந்த லொறியில் பச்சைக் கொழுந்து வாசம் போகவில்லை. பாண் ரொட்டித் துண்டை இரண்டு பக்கமும் வாட்டி, முட்டையைப் பரப்பி, மிளகாயும் வெங்காயமும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்து இடித்த கட்டச் சம்பலை அள்ளி வைத்து அழுத்துவார். அதுதான் லொறி சாண்ட்விச். இன்றைக்கும் எங்களில் நாலு பேர் சேர்ந்தால் படித்த பாடத்தைப் பற்றிப் பேசுவதில்லை, அதைப் பற்றித்தான் பேசுகிறோம்.

விடுதியில் ஆறரைக்குச் சாப்பாடு, எட்டு மணிக்குக் கேட்டுக்குப் பூட்டு. பத்து மணிக்கு ஹட்டன் குளிரில் வயிறு கத்தும். எங்கள் மாடி அறையின் பின் ஜன்னலுக்கு நேர்கீழே ரோடு. லொறியின் விளக்கு இரண்டு தரம் மினுங்கினால் நாங்கள் ஒரு கூடையில் சீட்டையும் காசையும் போட்டுக் கயிற்றில் இறக்குவோம். சீட்டில் யாரும் பெயர் எழுதுவதில்லை, ஊரைத்தான் எழுதுவோம். மேட்ரன் கையில் அகப்பட்டாலும் ஆள் அகப்படக் கூடாதல்லவா. அதனால் அவருக்கு எங்கள் முகமும் தெரியாது, பெயரும் தெரியாது. "றொசல்ல ரெண்டு, நோர்வூட் ஒண்ணு, டவுனு ஒண்ணு. கூடைய இழுங்க புள்ளைகளா" என்று அடிக்குரலில் சொல்வார்.

அந்த டவுன் நான். விடுதிக்கு வந்த முதல் நாள் யாரோ ஊர் கேட்க, அதற்குச் சற்றுமுன் இன்னொருத்தி தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் 'லயம்' என்ற சொல்லை மூக்கைச் சுளித்துச் சொல்லியிருக்க, என் வாயில் "நுவரெலியா டவுன்தான்" என்று வந்துவிட்டது. நான் டயகமத் தோட்டம், மேற்பிரிவு. அம்மா கொழுந்து எடுப்பவர். சொன்ன பொய்யைக் காப்பாற்ற இரண்டு வருடம் பட்ட பாடு கொஞ்சமல்ல. என்னைப் பார்க்க வரட்டுமா என்று அம்மா கேட்டபோதெல்லாம், "இங்க யாரையும் உள்ள விடமாட்டாங்கம்மா" என்றேன். அம்மா அதை நம்பி, ஒரு நாளும் அந்தக் கேட்டுக்கு வரவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பொய் சாண்ட்விச்சிலும் வந்து விழுந்தது. முதல் சீட்டைப் பார்த்ததும் லொறி அண்ணன் கீழிருந்து கேட்டார். "டவுனு ஆளுங்களுக்கு ஒறைப்பு ஆகாதே. பட்டரும் வெள்ளரிக்காயும் வச்சுத் தரவா?" நான் பெரிய மனுஷி மாதிரி, "ஆமாண்ணே" என்றேன். அறை முழுக்க மற்றவர்களின் சம்பல் வாசம் மிதக்க, நான் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டிருப்பேன். அந்த நாட்களில் என்னைப்போல ஒரு முட்டாள் ஹட்டனில் இருந்திருக்க முடியாது.

ஒரு நாள் ஸ்டெல்லா கட்டிய முடிச்சு அவிழ்ந்து, கூடை அத்தனை சாண்ட்விச்சோடும் ரோட்டோரச் சாக்கடைக் கானில் விழுந்தது. அதிலிருந்து கயிறு கட்டுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். நான் கட்டிய முடிச்சு ஒரு நாளும் அவிழவில்லை.

அந்த வாரமே ஒரு விசித்திரம் நடந்தது. என் பாணைக் கடித்தால் மேலே பட்டர், நடுவில் வெள்ளரிக்காய், அதற்கும் அடியில் கட்டச் சம்பல். அண்ணனுக்குக் கை தவறிவிட்டது என்று நினைத்தேன். அடுத்த நாளும் தவறியது. அதற்கடுத்த நாளும். வயசாகிவிட்டது, பாவம், மறந்துமறந்து வைக்கிறார் என்று எண்ணி, சொன்னால் திருத்திக்கொள்வாரே என்ற பயத்தில் மூச்சு விடவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து தின்பேன். "ஏன்டி மூக்கு ஒழுகுது?" என்பாள் ஸ்டெல்லா. "குளிருடி" என்பேன்.

கடைசிப் பரீட்சைக்கு முந்தின இரவு ரோட்டில் ஆறு ஓடுகிற மாதிரி மழை. அவர் வரமாட்டார் என்று படுக்கப் போனோம். விளக்கு இரண்டு தரம் மினுங்கியது. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றார். "பசியோட படிச்சா எழுத்தெல்லாம் பாணாத்தான் தெரியும். தின்னுட்டுப் படிங்க புள்ளைகளா" என்றார். அன்று அவர் எங்களிடம் காசு வாங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட அன்று வாய் வரை வந்தது. ஆனால் பக்கத்தில் மூன்று பேர் நின்றார்கள், நான் கூடையை இழுத்துக்கொண்டேன்.

மரண வீட்டில் எங்கள் கலாசாலைப் பிள்ளைகள் நிறைய. எங்கள் யாருடைய முகமும் அந்த வீட்டுக்குத் தெரியாததால், ஒவ்வொருவரும் அண்ணனின் மனைவியிடம் போய் ஊர்ப் பெயரைத்தான் சொன்னார்கள். "நான் றொசல்ல, அக்கா", "நோர்வூட், அக்கா" என்று. அக்காவும் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார். என் முறை வந்தது. அண்ணனுக்குத் தெரிந்த பெயர் எனக்கு ஒன்றுதானே. "நான் டவுன், அக்கா" என்றேன்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். அழுது வீங்கிய முகத்தில் சிரிப்பு வந்தது. "முடிச்சுப் புள்ளயா? அட, நீங்கதானா! இவரு வீட்டுக்கு வந்து சொல்லுவாரு. 'டவுனுன்னு எழுதுது, ஆனா கூடைய டயகமப் பக்கத்துப் பொம்பளைங்க மாதிரி ரெண்டு சுத்துச் சுத்தி உள்ள விட்டுக் கட்டுது. எத்தன கொழுந்துக் கூடைய ஏத்தியிருக்கேன், எனக்கா தெரியாது? ஏதோ சொல்ல முடியாம இருக்குது போல. அதுக்காக வெள்ளரிக்காயத் தின்னுட்டு எப்புடிப் படிக்கும்?' தெனமும் ஒங்களுக்குன்னு சம்பல் தனியா எடுத்து வைக்கச் சொல்லுவாரு."

கட்டியது என் கைதான். அம்மா கட்டுவதைப் பார்த்துப் பழகிய கை. வாய் சொன்ன பொய்யைக் கை இரவுக்கிரவு கீழே இறக்கிக் காட்டியிருக்கிறது. "டயகம மேற்பிரிவு, அக்கா" என்று சொல்லிவிட்டு அவர் தோளில் சாய்ந்து அழுதேன். பின்னால் நின்ற ஸ்டெல்லா, "எனக்காவது சொல்லியிருக்கலாம்லடி" என்றாள். சொல்லியிருக்கலாம்.

அண்ணனைத் தெரிந்தவர்களே, உங்களிடமும் அவருடைய ஏதாவது ஒன்று இருக்கும். என்னிடம் இருப்பது, அவர் என் பொய்யை உடைக்காமல் அதற்கு அடியில் வைத்துக்கொடுத்த அந்தச் சம்பல். வரும் ஞாயிற்றுக்கிழமை டயகமவுக்குப் போய் இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். விடுதிக் கேட்டைப் பற்றிய பகுதியையும் விடாமல். அதற்கு முன் அண்ணனுக்கு நான் எழுதிய சீட்டைத் திருத்த வேண்டும்:

டயகம மேற்பிரிவு, ஒன்று. பட்டர் வேண்டாம் அண்ணே.