மௌத் ஆர்கனுக்கு விட்ட இடம்

அப்பா இறந்து சில மாதங்கள் கழித்து அவரைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். ஊட்டியில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுவது என் வேலை. நான் எழுதுவது அப்போது வீட்டில் தெரியாது. வீடு என்றால் காந்தலில் என்னோடு இருக்கும் அம்மா மட்டும்தான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடான லயத்தில் பிறந்து, கல்யாணத்துக்குப் பின் அப்பாவோடு கப்பலேறி வந்து, இங்கேயும் கொழுந்து பறித்தே ஓய்ந்தவள் அவள்.

குன்னூரில் ஒரு பேக்கரி மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் சிலர் கூடிக் கவிதை வாசிப்போம். அங்கேதான் அந்த மனிதரைப் பார்த்தேன். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், குந்தா மின்நிலையத்தில் ஆபரேட்டர், ஐம்பதை நெருங்கியவர். எழுத மாட்டார். சட்டைப்பையில் ஒரு மௌத் ஆர்கன் இருக்கும். சினிமாப் பாட்டுத்தான் வாசிப்பார் என்று நினைத்தோம். அவர் வாசித்தது ப்ளூஸ். அமெரிக்காவில் பருத்திக்காட்டில் உழைத்த கறுப்பின மக்களிடமிருந்து வந்த இசை என்றார். ஷிப்ட் முடிந்து குவார்ட்டர்ஸில் தனியாக இருக்கும் நேரத்தில் போனைப் பார்த்துக் கற்றுக்கொண்டாராம். அதில் ஊதுவதைவிட உறிஞ்சுவதுதான் அதிகம். அவர் மூச்சை உள்ளே இழுத்துச் சுரத்தை வளைக்கும்போது, யாரோ சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்குவது போலக் கேட்கும்.

என் கவிதையோடு வாசிக்க முடியுமா என்று கேட்டேன். முதல் ஒத்திகை சரியாக வரவில்லை. பாதியிலேயே மௌத் ஆர்கனைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏனுங்க, நீங்க நிறுத்தவே மாட்டேங்கறீங்க. நான் எங்கீங்க உள்ள வர்றது?"

நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்ற பயத்தில் ஒரே மூச்சில் வாசித்துக்கொண்டிருந்தேன். பிறகு இரண்டு வரிக்கு ஒருமுறை இடம் விடப் பழகினேன். அந்த இடங்களில் அவர் பதில் சொல்வது போலக் கொஞ்சமாக வாசிப்பார். அதைக் கேட்கக் கேட்க என் வரிகளில் பல வேண்டாதவையாகத் தெரிந்தன. 'துக்கம்' என்ற சொல் வந்த இடத்தையெல்லாம் அடித்துவிட்டேன்.

வாசிப்பு நாளன்று நல்ல மழை. அம்மா கேட்க வேண்டும் என்று நான்தான் பிடிவாதமாக அழைத்துப் போயிருந்தேன். ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் போர்த்திக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அப்பாவின் கடைசி வாரத்தைப் பற்றிய கவிதை அது.

படுத்தால் மூச்சு முட்டுமென்று
உட்கார்ந்தே உறங்கினார்,
இறங்க வேண்டிய ஊர் தெரியாத
பயணி போல.

அந்த இடத்தில் அவர் மௌத் ஆர்கனில் நீளமாக ஒரு மூச்சை இழுத்தார். ஒத்திகையில் அப்படி வாசித்ததில்லை. அப்பாவின் மூச்சேதான் அது. தாளில் விரல் வைத்து அடுத்த வரியைத் தேடி வாசித்தேன். முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊட்டிக்குத் திரும்பும் பஸ் கேத்தியைத் தாண்டியது. அம்மா சொன்னாள்:

"நீ படிச்சது எனக்கு வேணாம் புள்ள. அந்தத் தம்பிய வீட்டுக்கு வரச் சொல்லு. அத மட்டும் ஊதட்டும்."

எனக்கு அது வலித்தது. அவரிடம் சொன்னபோது தயங்கினார். கவிதைக்காக வாசித்ததைத் தனியாக எப்படி வாசிப்பது என்றார். ஆனாலும் அடுத்த ஞாயிறு மதியம் வந்தார். அம்மா அவரை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். அங்கே நிற்கப் பிடிக்காமல் நான் டீ போடுகிற சாக்கில் சமையலறைக்குப் போனேன்.

பழக்கத்தில் அவர் என் வரிகளுக்கான இடங்களை அப்படியே விட்டு விட்டு வாசித்தார். முதல் இடைவெளியில் அம்மா "ம்" என்றாள். அடுத்ததில் பேச ஆரம்பித்தாள்.

"கடைசி வாரம் அவரு லயத்துல இருக்கறதாவே நெனச்சுக்கிட்டாரு தம்பி. மூத்தவன் பால் குடிச்சானான்னு கேட்டாரு."

நான் ஒரே பிள்ளை என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. வந்தவர் கொஞ்சம் வாசித்தார், மறுபடி இடம் விட்டார்.

"அங்க ஒருத்தன் பொறந்தான். லயத்துக்குப் பின்னால பொதச்சிட்டுத்தான் கப்பலேறினோம். கெளம்பறப்ப அவரு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல."

அவ்வளவுதான். பிறகு அவள் அழுத சத்தம் கேட்டது. அப்பாவின் சாவுக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. வந்தவர் டீயைக் குடிக்காமலே கிளம்பிப் போனார்.

அண்ணனின் பெயரென்ன என்று அன்று மாலை கேட்டேன். "பேரு வைக்கல, அதுக்குள்ள போயிருச்சு" என்று டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவருக்கு மலைக்குக் கீழே மாற்றலாகிவிட்டது. அம்மா சொன்னதையும் சேர்த்துக் கவிதையை முடித்தீர்களா என்று ஒருமுறை போனில் கேட்டார். எழுதிப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் அது ஒட்டுக்கேட்டதாகவே இருந்தது. பழைய கவிதையையும் அதற்குப் பிறகு எங்கும் வாசிக்கவில்லை.

அம்மா அந்த அண்ணனைப் பற்றி மறுபடி பேசியதில்லை. சில மாலைகளில் டி.வி.யை அணைத்துவிட்டு அவள் பேசட்டும் என்று இடம் விட்டு எதிரே உட்கார்ந்திருப்பேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "ஏன், கேபிள் வரலியா?" என்று கேட்பாள்.