இடது கைப் பிறேக்

வன்னியில் மலை எங்கே என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் சிரிக்கும். விரித்துப் போட்ட பாய் மாதிரி நிலம். உயரம் என்று சொல்லிக்கொள்ள எங்களிடம் இருந்தது இரணைமடுக் குளக்கட்டு ஒன்றுதான். அந்தக் கட்டிலிருந்து மீன்பெட்டியோடு சைக்கிளில் இறங்குவதில் அருளப்புவை வெல்ல ஆளில்லை. இதைச் சொன்னதற்காக அவரைப் பெரிய வீரன் என்று நினைத்துவிடாதேங்கோ. நாற்பது வயது, மெலிந்து இறுகின தேகம், வாயைத் திறந்தால் பாதிநேரம் கோபம்தான் வரும்.

பிறந்தது முல்லைத்தீவுக் கரையில். தகப்பன், தகப்பனின் தகப்பன் எல்லாரும் கடலில் கிடந்தவர்கள். சண்டையில் கடலும் போய், வீடும் போய், இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில் மனைவி யூலிற்றாவோடு முரசுமோட்டையில் வந்து ஒதுங்கினார். விடிய எழும்பிக் குளத்தடிக்குப் போய் மீன் எடுத்து, பெட்டியில் போட்டுக் கரியரில் கட்டி, பரந்தன் சந்தி வரைக்கும் விற்பதுதான் பிழைப்பு. குளத்து மீனை மீன் என்றே அவர் மனம் ஒப்புக்கொண்டதில்லை. ஆனாலும் விற்றார். வேறென்ன செய்கிறது?

கட்டிலிருந்து இறங்க நல்ல தெரு இருக்கிறது, ஆனால் சுற்று. அருளப்பு இறங்குவது மாட்டுப் பாதையால். பாலை மரங்களுக்குள்ளால் வளைந்து வளைந்து விழும் பாதை அது. வேர், பள்ளம், மழை அறுத்த வாய்க்கால், எல்லாம் முடிய, சட்டென்று வளைகிற ஒரு முடக்கு. முடக்குக்கு அங்கால் முந்தி காவலரண் இருந்த இடம். மண்டையோடு கீறின பலகை நட்டு, நாடா கட்டிக் கிடந்தது. உள்ளே கண்ணிவெடி. அந்தக் காலத்தில் எங்கட சனத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. சாணி கிடக்கிற தடத்தில் மட்டும் கால் வைக்கவேணும். மாடு போய்த் திரும்பி வந்திருந்தால் மனிசனும் போகலாம். அருளப்பு அதை ஒருநாளும் மீறினதில்லை.

இன்னொன்றையும் சொல்லிப்போட்டுத்தான் மேலே போகவேணும். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னிக்குள் பிறேக் கட்டை வராது. பழைய செருப்பின் அடியை வெட்டிப் பின் சில்லுக்கு மட்டும் பூட்டுவோம், முன் பிறேக்கைக் கழற்றி எறிந்துவிடுவோம். பின் பிறேக்கின் பிடி இடது கைப்பக்கம். வலது கை மீன்காரனுக்கு ஹோர்ன் அமத்த. பன்னிரண்டு வருடமாக அருளப்புவின் இடது கைக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான். பயம் வந்தால் இறுக்கிப் பிடிக்கிறது.

சண்டை ஓய்ந்து வன்னிக்குப் பாதை திறந்த அடுத்த வருடம், இரண்டாயிரத்து மூன்றில், மடு மாதா கோயில் திருநாளை ஒட்டித் தம்பி றொமேஸ் சுவிசிலிருந்து வந்தான். எட்டு வருடத்துக்குப் பிறகு வருகிறான். எல்லாரும் சொக்லேட்டும் சென்ற்றும் கொண்டுவர, இவன் காட்போட் பெட்டிக்குள் ஒரு சைக்கிளைக் கொண்டுவந்து இறக்கினான். தடித்த ரயர், முன் கவையில் ஸ்பிறிங். பக்கத்து வளவு அப்புத்துரை வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, மட்காட்டும் இல்லை, கரியரும் இல்லை, மீன்பெட்டியை உன்ர தலையிலேயோ கட்டுறது என்று கேட்டார்.

இது வேறை அலுவலுக்கு என்றான் றொமேஸ். அங்கே மலையில் கம்பியில் தொங்கும் கதிரைகள் இருக்குமாம். அதில் ஆளையும் சைக்கிளையும் ஏற்றி உச்சிக்குக் கொண்டுபோவார்களாம். காட்டுக்குள்ளால் பாதை வெட்டி, முடக்குகளில் மண்ணைச் சுவர்போல ஏற்றி, பலகைப் பாலமெல்லாம் போட்டு வைத்திருப்பார்களாம். தலைக்கும் முழங்காலுக்கும் கவசம் மாட்டிக்கொண்டு அதால் இறங்குவார்களாம். கீழே வந்ததும் திரும்பவும் கதிரையில் ஏறி மேலே.

"மேலை என்ன அலுவல் தம்பி?" என்று யூலிற்றா கேட்டா.

ஒரு அலுவலும் இல்லை, இறங்கத்தான் ஏறுறது என்று அவன் சொன்னதும் யூலிற்றா சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி ஊத்துப்பட்டது. அருளப்பு சிரிக்கவில்லை. நாங்கள் இங்கே பதுங்குகுழிக்குள் இறங்கி ஏறின காலத்தில் இவன் அங்கே மலையில் ஏறி இறங்கியிருக்கிறான் என்ற நினைப்பு அவருக்கு நெஞ்சில் முள்ளாய் நின்றது.

அந்த முள் புதுசல்ல. தொண்ணூற்றெட்டில் அக்கராயன் பக்கம் ஒரு கொட்டிலுக்குள் காய்ச்சலில் அம்மா செத்தா. பெட்டிக்குப் பலகை தேடினதும், குழி வெட்டினதும், செபம் சொல்ல ஆள் பிடித்ததும் அருளப்பு தனியாகத்தான். கடிதம் றொமேஸின் கைக்குப் போய்ச் சேர முப்பத்தோராம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. அதில் அவன் பிழை ஒன்றுமில்லை. அது அருளப்புவுக்கு வடிவாய்த் தெரியும். தெரிந்தும் என்ன, கோபம் நியாயம் பார்த்தா வருகிறது?

வந்த அன்றே குசினி வாசலில் குந்திக்கொண்டு றொமேஸ் கேட்டான், அம்மா கடைசியிலை என்னைக் கேட்டவாவோ என்று. அவ அறிவு தப்பிக் கிடந்தவா, ஒருத்தரையும் கேட்கேல்லை என்று அருளப்பு சொன்னார். பச்சைப் பொய். அம்மா கடைசிவரை தெளிவாய்த்தான் கிடந்தா, றொமேஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினா. அதை எழுத என்று எத்தனையோ தரம் பேனா எடுத்தவர்தான் அருளப்பு. மனம் வரவில்லை.

றொமேஸுக்கு மாட்டுப் பாதையைக் கண்டதும் தலைகால் தெரியவில்லை. அங்கே மெசின் வைத்து வெட்டுகிற பாதையை உங்கட மாடுகள் சும்மா வெட்டி வைச்சிருக்குதுகள் என்று சந்தோசத்தில் குதித்தான். மண்வெட்டி எடுத்து வாய்க்காலை நிரவினான். முடக்கிலும் மண் ஏற்றப் போனவனை அருளப்பு கையில் பிடித்து இழுத்து, பலகையைக் காட்டி, தடத்தை விட்டு ஒரு சாண் அங்கால் மண்வெட்டி போடக்கூடாது என்று சத்தம் போட்டார். அவன் ஓம் ஓம் என்று தலையாட்டினான். அதை அவன் உள்ளுக்கு எடுக்கவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. பலகையைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன் இல்லையே.

பின்னேரம் அவன் மூன்று தரம் இறங்கினான். பிறகு அண்ணை ஒருக்கால் இறங்கிப் பாருங்கோ என்று நின்றான். வேண்டாம், எனக்கென்ன விசரோ என்று சொன்னபடியே அருளப்பு ஏறிக் குந்திவிட்டார். பிறேக் சும்மா தொட்டாலே பிடிக்கும், கவனம் என்று மட்டும் றொமேஸ் சொல்லிவிட்டான்.

சும்மா சொல்லக்கூடாது, அது ஒரு சுகம்தான். பெட்டி இல்லை, பாரம் இல்லை, வேரில் ஏறினாலும் முதுகுக்குத் தெரியவில்லை. காற்று சட்டைக்குள் புகுந்தது. எத்தனை வருடத்துக்குப் பிறகோ அருளப்பு வாய்விட்டுச் சிரித்தார். கடலில் பாய் விரித்து ஓடின நாட்களுக்குப் பிறகு இப்படி ஒரு ஓட்டம் அவருக்கு வாய்க்கவில்லை. அந்தச் சந்தோசத்தில் முடக்கு வந்ததைப் பிந்தித்தான் கண்டார். இடது கை தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தது, இறுக்கிப் பிடித்தது.

சுவிஸ் சைக்கிளில் இடது கைப்பக்கம் இருப்பது முன் பிறேக். இது றொமேஸுக்குத் தெரியும். ஆனால் ஊர்க் கையின் பழக்கம் அவனுக்கு எட்டு வருடத்தில் மறந்துபோயிருந்தது. முன் சில்லு அந்த இடத்திலேயே நின்றது. பின் சில்லு எழும்பியது. அருளப்பு கைபிடிக்கு மேலால் பறந்து, நாடாவுக்கு மேலாலும் பறந்து, பலகைக்கு அங்கால் போய் விழுந்தார்.

கண்ணைத் திறந்தபோது தோள் நெருப்பாய் எரிந்தது. காறை எலும்பு போய்விட்டது என்று தெரிந்தது. தலையை மெல்லத் திருப்பினார். முழங்காலுக்கு இரண்டு சாண் தள்ளி, மழை கழுவின மண்ணில், சப்பாத்துப் பொலிஷ் ரின்னின் மூடி மாதிரி ஒன்று கொஞ்சமாய்த் தெரிந்தது. அவர் அசையவில்லை.

மேலிருந்து றொமேஸ் ஓடி வந்தான், அண்ணை அண்ணை என்று கத்திக்கொண்டு. வராதை, வெடி கிடக்குது என்று அருளப்பு சொன்னார். அவன் கேட்கவில்லை. நாடாவை உயர்த்திவிட்டான். நீங்கள் விழுந்த தடத்தாலேயே வாறன், ஒண்டும் நடக்காது என்றான். அவர் பறந்து வந்தவர், அங்கே தடம் ஏது? மாதாவே, இவனுக்கு இது விளங்காதே. அதட்டினார், கெஞ்சினார், செத்துப்போவாய் என்றார். அவன் ஒரு காலை உள்ளே தூக்கிவிட்டான். அந்தக் காலை நிறுத்த அவரிடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"அம்மா உன்ர பேரைச் சொல்லிச் சொல்லித்தான் செத்தவா. அப்ப வராதவன் இப்ப என்னத்துக்கு வாறாய்? நில் அங்கை!"

தூக்கின கால் அப்படியே நின்றது. பிறகு பின்னுக்குப் போனது. றொமேஸின் முகத்தைப் பார்த்த அருளப்பு கண்ணை மூடிக்கொண்டார்.

அவன் தெருக்கரையில் முகாம் போட்டிருந்த வெடி அகற்றுகிற பெடியளைக் கூட்டிவர, நாடாவுக்கு இப்பால் கிடந்த அதே சைக்கிளில் போனான். அவர்கள் நீட்டுப் பிடி போட்ட விறாண்டிகளோடு வந்து, சாண் சாணாய் மண்ணை இழுத்து, ஒரு ஆள் அகலத்துக்குப் பாதை எடுத்து அவரிடம் வந்து சேர இரண்டரை மணித்தியாலம் ஆனது. அவ்வளவு நேரமும் றொமேஸ் பலகைக்கு இப்பால் நின்றான். குந்தவில்லை, தண்ணி குடிக்கவுமில்லை. அந்த முடக்கிலிருந்து பெடியள் எடுத்தது மூன்று வெடி.

ஆஸ்பத்திரியில் தோளைக் கட்டி அனுப்பினார்கள். றொமேஸ் தேத்தண்ணி ஊதிக் கொடுத்தான், சட்டை போட்டுவிட்டான், அண்ணியோடு தேவையான கதை மட்டும் கதைத்தான். சிரிப்பு நின்றுபோனது. நாலாம் நாள் காலமை, சுவிசுக்குத் திரும்ப வெளிக்கிட முதல், கட்டிலடியில் வந்து நின்றான்.

"அண்ணை, அது என்னை மறிக்கிறதுக்குச் சொன்னதோ, இல்லாட்டி முந்தியே மனசுக்குள்ளை வைச்சிருந்ததோ?"

இரண்டும்தான். மறிக்கத்தான் சொன்னது, ஆனால் வைத்திருந்த இடத்திலிருந்துதான் எடுத்தது. அருளப்பு தோள்கட்டின் முடிச்சை நோண்டத் தொடங்கினார். றொமேஸ் வெளியே போய்விட்டான். பஸ்சுக்குப் போகும்போது திரும்பி வந்து அவருடைய நல்ல கையைப் பிடித்துவிட்டுப் போனான். சைக்கிளைக் கொண்டுபோகவில்லை.

ஆறு கிழமை அருளப்பு அந்தச் சைக்கிளின் பக்கம் போகவில்லை. அதைக் கண்டாலே எரிச்சல் வந்தது. சைக்கிளில் எரிச்சல் இல்லை, தன்னில். யூலிற்றா தூசி தட்டி வைத்தா. தோள்கட்டு அவிழ்த்த அன்று, யாருக்காவது குடுத்துத் துலைப்பம் என்று நினைத்துக்கொண்டு வாசலுக்கு உருட்டினார். படியில் இறங்கும்போது வழுக்கியது. இடது கை இறுக்கிப் பிடித்தது.

பின் சில்லு நின்றது.

விட்டுவிட்டுத் திரும்பப் பிடித்துப் பார்த்தார். பின் சில்லுத்தான். வலது கையைப் பிடித்தால் முன் சில்லு. குனிந்து பார்த்தால் பிறேக் கம்பிகள் இரண்டும் கழற்றிக் கைமாற்றிப் பூட்டிக் கிடந்தன.

யூலிற்றாவைக் கேட்டார். போற அண்டு காலமை, உங்களோடை கதைச்சுப்போட்டு வெளியிலை வந்து குறடு கேட்டவன், பஸ்சுக்கு நேரம் போகுது போகுது எண்டு சொல்லச் சொல்லக் குந்தியிருந்து ஏதோ பூட்டினவன் என்றா. அருளப்பு படியில் குந்திவிட்டார். கேட்டதற்குப் பதில் கிடைக்காமல் வெளியே வந்தவன், அந்தக் கையோடு குறட்டை எடுத்து, அண்ணை இனி விழக்கூடாது என்று பூட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

அப்படியே அதில் ஏறிக் கிளிநொச்சிக்கு மிதித்தார், வெளிநாட்டுக்குக் கதைக்கிற கடைக்கு. நம்பர் எழுதின துண்டைக் கொடுத்துவிட்டு நின்றபோது தோள் விண்விண் என்று வலித்தது. றொமேஸின் குரல் கேட்டதும் சுகம்கூட விசாரிக்கவில்லை.

"தம்பி, அம்மா உன்ர பேரைச் சொன்னது உண்மை. என்ன சொன்னவா தெரியுமே? நல்லகாலம் அவன் இஞ்சை இல்லை, ஒண்டாவது தப்பியிட்டுது, அவனை வரச்சொல்லி எழுதிப்போடாதை எண்டவா. நான்தான் உனக்கு எழுதேல்லை. பொறாமையிலை எழுதேல்லையடா."

மறுபக்கத்தில் அழுகை கேட்டது, சின்ன வயதில் கடற்கரையில் விழுந்து எழும்பி அழுவானே, அதே அழுகை. அருளப்புவும் அழுதார். வரிசையில் நின்ற சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும் என்று அவர் ரிசீவரை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.