வெள்ளறடையில் என் என்ஜின்

காலையில் பல் தேய்த்துக்கொண்டே வாசலுக்கு வந்து நின்றால், என் கார் நிற்கவேண்டிய இடத்தில் மாமனார் நட்ட ஏத்தன் வாழை நிற்கும். கார் வேறு மாநிலத்தில் இருந்தது. உதியன்குளங்கரையில் பஸ் ஏறி, பாறசாலை தாண்டி, களியக்காவிளையில் இறங்கினால் கால் மணி நேரப் பயணம். வளைகுடாவில் இருப்பவர்கள் லீவு கிடைக்கும்போது பிள்ளைகளைப் பார்க்க வருவதுபோல, நான் ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் பஸ் பிடித்துப் போவேன். காரைத் துடைத்து, ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் உறுமவிட்டு, மூடிவிட்டுத் திரும்புவேன். வழிக்குச் சாப்பாடு கட்டிக்கொடுக்கும் என் மனைவி ஷீபா, "அதுக்கும் ஒரு பொதி கெட்டட்டா?" என்று கேட்பாள்.

நான் குழித்துறைக்காரன். கல்யாணமானபின் கேரளத்துக்குப் புலம்பெயர்ந்தவன். கனடாவிலும் கத்தாரிலும் இருந்துகொண்டு இதை வாசிப்பவர்கள் சிரிக்கலாம், சிரியுங்கள். என் கதையில் பனி இல்லை, பாஸ்போர்ட் இல்லை, விமான நிலையத்தில் அழுத அம்மா இல்லை. ஆனாலும் ஊர்விட்டு வந்தவனுக்கு உள்ள குழப்பம் எல்லாம் எனக்கும் உண்டு. ஷீபா நெய்யாற்றின்கரை கோர்ட்டில் டைப்பிஸ்ட். அவளால் வேலையை விடமுடியாது, எனக்கு விடுவதற்குப் பெரிய வேலை இல்லை, ஆகவே நான் வந்தேன். இங்கே ஒரு ஹார்டுவேர் கடையில் பெயின்ட் கலக்கிக் கொடுக்கிறேன். அங்கும் கப்பைக்கிழங்கு, இங்கும் கப்பைக்கிழங்கு. அங்கும் நெத்தோலி, இங்கும் நெத்தோலி. வேறுபாடு என்று பார்த்தால் கடை போர்டின் எழுத்தும், லாட்டரி விற்கிறவரின் குரலும், ஹர்த்தாலன்று கிடைக்கும் நல்ல தூக்கமும்தான். ஆனால் கடைக்கு வருகிறவர்கள் என்னைப் பாண்டிக்காரன் என்கிறார்கள். ஞாயிறன்று களியக்காவிளையில் இறங்கினால் என் கூட்டாளி ஜெகன், "மலையாளத்தான் வந்தாச்சு" என்கிறான்.

ஜெகன் என்னோடு பள்ளியில் படித்தவன். எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில், தமிழ்நாட்டுப் பக்கம், அவனுக்கு ஒர்க்ஷாப். என் கார் ஒரு ஜப்பான் கம்பெனியின் பழைய செடான். பிறந்தபோது அதற்கு ஒன்று புள்ளி மூன்று லிட்டர் என்ஜின். நல்ல என்ஜின்தான், ஆனால் ஞாயிறு பள்ளி டீச்சர் மாதிரி, எவ்வளவு மிதித்தாலும் கோபம் வராது. எங்களுக்குக் கோபம் வருகிற என்ஜின் வேண்டியிருந்தது. அதே வண்டியின் மேல் ரகம் ஒன்று பின்பக்கம் நசுங்கி ஒர்க்ஷாப்புக்கு வந்தபோது, அதன் ஒன்றரை லிட்டர் என்ஜினைக் கியர்பாக்ஸோடு இறக்கி இதில் ஏற்றினோம். உட்காரவேண்டிய இடத்தில் சரியாக உட்கார்ந்துவிட்டது. வயரிங்தான் எங்களை அழவைத்தது. அதோடு நிற்காமல், உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் போட்டு வண்டியைத் தரையோடு தாழ்த்தினோம். குழித்துறைப் பாலத்தில் அது இரண்டாம் கியரில் ஏறுகிற சத்தத்தைக் கேட்டு வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டிருக்கிறேன். கழற்றிய பழைய என்ஜினை வைக்க ஒர்க்ஷாப்பில் இடமில்லை. ஆகவே கல்யாணம் முடிந்து நான் மாமனார் வீட்டுக்குக் குடிவந்த அன்று, என் கட்டிலும் ஸ்டீல் அலமாரியும் தார்ப்பாயில் பொதிந்த அந்த என்ஜினும் ஒரு குட்டியானை லாரியில் எல்லை கடந்தன. பெண் சீதனத்தோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதைத்தான் உதியன்குளங்கரை பார்த்திருந்தது. மாப்பிள்ளை என்ஜினோடு வந்து இறங்கியதை அன்றுதான் பார்த்தது.

சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். என்ஜினை மாற்றினால் சொல்லிப் பதியவேண்டும், உயரத்தை இஷ்டத்துக்குக் குறைக்கக்கூடாது. ஆனால் இந்தப் பக்கம் அதைப் பார்க்கிற கண்கள் அதிகம். அதனால் காரை வீட்டுக்குக் கொண்டுவர ஒரு சடங்கு வைத்திருந்தேன். எல்லைக்கு முன்னால் ஒரு தேங்காய்க் குடோனின் பின்பக்கம் நிறுத்தி, ஜாக்கி வைத்து, ஒவ்வொரு சக்கரத்திலும் ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தைத் திருகி வண்டியை உயர்த்துவேன். கேரளத்துக்குள் அது தலைகுனிந்த நல்ல பிள்ளையாக வரும், நானும் ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஓட்டுவேன். திரும்பிப் போகும்போது அதே குடோன், அதே ஜாக்கி, மறுபடி தாழ்த்தல். ஷீபாவை ஏற்றிக்கொண்டு ஊருக்குள் சுற்ற எனக்குத் தைரியமில்லை, எங்காவது போகவேண்டுமென்றால் அவள் பஸ்ஸில் வந்து குடோனுக்குப் பின்னால்தான் ஏறுவாள். பஸ்ஸில் கால் மணி நேரமான பயணம் சொந்தக் காரில் அரைப்பகல் ஆனது. ஒருமுறை மழை வந்த அவசரத்தில் இடப்பக்கத்தை மட்டும் உயர்த்திவிட்டு வந்து சேர்ந்தேன். மாமனார் முற்றத்தில் நின்று வெகுநேரம் பார்த்தார். "மருமோனே, ஆரோ ரகசியம் சொல்லுகதைக் கேக்குக மாதிரியில்லா சரிஞ்சு நிக்குது" என்றார்.

அன்றோடு ஷீபாவுக்குப் பொறுமை போயிற்று. அவள் கேட்டது பெரிய காரியமில்லை. "நம்ம வாசல்ல ஏறி, நாலுபேரு பாக்க, இந்த வண்டியில ஒரு நாளாவது போணும். ஆரும் பாக்காம குடோனுக்குப் பின்னால ஏறுததுக்கு நான் என்ன வீட்டவிட்டு ஓடியா வந்தேன்? முடியாதெங்கி வித்துப்போடுங்க." கடைசி வார்த்தையைக் கோர்ட்டில் தீர்ப்பைத் தட்டுகிற அதே முகத்தோடு சொன்னாள். மேல்முறையீடு கிடையாது என்று எனக்குத் தெரிந்தது. காரை விற்க எனக்கு மனம் வரவில்லை. இந்த ஊரில் நான் யாருடைய மருமகன், யாருடைய புருஷன் என்பதெல்லாம் தெளிவு. நான் நானாக மட்டுமே இருந்த ஒரே இடம் அந்த ஓட்டுநர் இருக்கை. மிச்சமிருந்தது ஒரே வழி: காரை முழு யோக்கியனாக்கி, பழைய என்ஜினையும் பழைய ஸ்பிரிங்குகளையும் மாட்டி, கேரளப் பதிவுக்கு மாற்றுவது. தமிழ்நாட்டில் தடையில்லாச் சான்று வாங்கினேன். வண்டியைக் கொண்டுபோய்க் காட்டக் கேரள ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு தேதியும் கிடைத்தது. பழைய ஸ்பிரிங்குகள் ஜெகனிடம் பத்திரமாக இருந்தன. வீட்டுக்குப் பின்னால் போய்த் தார்ப்பாயைத் தூக்கினேன். அடியில் விறகு அடுக்கியிருந்தது.

"மாமா, இஞ்ச இருந்த எஞ்சின் எங்க?"

"ஏது, அந்தக் கேடான சாதனமா?"

"கேடு இல்ல மாமா. நல்லா ஓடிட்டிருந்த எஞ்சின்."

"ஓடுகத எதுக்கு மக்கா கழற்றி வெளிய போட்டிருக்கு?"

அவருக்குத் தெரிந்த உலகத்தில் வலித்தால்தான் பல்லைப் பிடுங்குவார்கள். அவர் அதை ஆத்யபலத்துக்குக் கொடுத்துவிட்டார். பழைய மிஷன் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: விளைச்சலின் முதல் பங்கைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். வாழைக்குலை, சேவல், பலாப்பழம், சிலசமயம் ஒற்றை முட்டை. அந்த வருடம் காற்றில் மாமனாரின் வாழை முழுக்க ஒடிந்திருந்தது. வெறுங்கையோடு போவது அவர் குடும்பத்தில் வழக்கமில்லை. "வீட்டில உள்ளதில பாரமான சாதனம் அதாக்கும்" என்றார். ஆண்டவருக்கு அழுக்கோடு கொடுக்கக்கூடாது என்று சவுக்காரம் போட்டுக் கழுவி, தேங்காயெண்ணெய் தடவி, ஆட்டோவில் ஏற்றிப் போயிருக்கிறார். போதகர் அதற்கும் ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறார். இவ்வளவும் நடந்தபோது நீ எங்கே இருந்தாய் என்று கேட்பீர்கள். ஆத்யபலம் இரண்டாம் ஆராதனையில்; நான் முதல் ஆராதனை முடிந்த கையோடு களியக்காவிளைக்கு பஸ் ஏறியிருந்தேன், காரைப் பார்க்க.

ஏலத்தில் எடுத்தவர் வெள்ளறடை ஊர்க்காரர் தங்கமணி அண்ணன். மலைச்சரிவில் அவருக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு. அங்கே போய் இறங்கும்போதே என் என்ஜினின் சத்தம் மரங்களுக்கிடையில் கேட்டது. எங்கேயும் அடையாளம் தெரிகிற சத்தம். உறைந்த ரப்பர் பாலை ஷீட்டாக அழுத்துகிற உருளையைக் கையால் சுற்றுவார்கள். தங்கமணி அண்ணன் அதில் பெல்ட் போட்டு என் என்ஜினை, கியர்பாக்ஸோடு, மாட்டியிருந்தார். மேலே மழை படாமல் ஓலைக்கூரை, கீழே சிமென்ட் மேடை. "முதல் கியரில மட்டும்தான் அடிப்பேன்" என்றார். "ரெண்டாவது போட்டா ஷீட்டு பறந்து அடுத்த வீட்டுப் பெரையிடத்தில விழும். அவியளும் நல்ல மனுசரு, எடுத்துக் காயப்போட்டுத் தருவாவ." என்னிடம் இருந்த காலத்தில் அந்த என்ஜின் இவ்வளவு நிம்மதியாக ஓடி நான் பார்த்ததில்லை. பொறாமையாக இருந்தது.

விஷயத்தைச் சொல்லித் திருப்பிக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, உண்மையாகவே எனக்காக வருத்தப்பட்டார். "கர்த்தருக்குக் குடுத்த சாதனம் ஆக்கும். அதைத் திரிச்சு வாங்கினா உங்க மாமனுக்கும் கொள்ளாது, குடுத்தா எனக்கும் கொள்ளாது. வேணுமெங்கி கொஞ்ச நாளைக்குக் கொண்டுபோங்க. காரியம் முடிஞ்சதும் இஞ்ச வந்திரணும். நானும் கூட வாறேன்."

"நீங்க எதுக்கு அண்ணா அலையணும்?"

"எஞ்சின் போற இடத்துக்கு நான் வரண்டாமா?"

அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. என்ஜின் அவருடைய ஜீப்பில் களியக்காவிளைக்குப் போயிற்று. ஜெகன் கோபக்கார என்ஜினை இறக்கி, பழையதை ஏற்றினான். தங்கமணி அண்ணன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கும்போது "பைய மக்கா, பைய" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நிற்கும் தகப்பன்கூட அவ்வளவு வேர்த்திருக்கமாட்டான்.

வண்டியைக் காட்டவேண்டிய மைதானத்துக்கு அவர் பின்சீட்டில் வந்தார். அதிகாரி என்ஜின் நம்பரைப் பார்க்கவேண்டும் என்றதும், நான் இறங்குவதற்குள் அவர் இறங்கி பானெட்டைத் தூக்கிப் பிடித்தார். ரப்பர் பாலின் புளித்த மணம் குப்பென்று எழுந்தது. அதிகாரி ஒரு அடி பின்வாங்கி, மறுபடி குனிந்து பார்த்தார். மாமனாரின் சவுக்காரத்தில் நம்பர் பளிச்சென்று இருந்தது, காகிதத்தில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்தது.

"வண்டி ஆருடையதா?"

"என்னுடையது சார்" என்றேன்.

"எஞ்சின் எண்டெயா சாரே" என்றார் தங்கமணி அண்ணன். பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ ரெண்டு பேரும் வண்டிக்குள்ள ஒண்ணிச்சுத்தான் தாமசமோ?" என்று, ஒரே வீட்டில் குடியிருப்பவர்களைக் கேட்பதுபோல் கேட்டார்.

ஏலத்தில் தொடங்கி எல்லாவற்றையும் அண்ணனே சொல்லிமுடித்தார். அதிகாரி அவரைவிட்டு என் பக்கம் திரும்பி, வண்டிக்குள் இருக்கும் இந்த என்ஜின்தான் பதிவில் இருக்கிறது, இதை எடுத்துவிட்டு வேறு எதையாவது போட்டு ரோட்டில் ஓட்டினால் நடக்கிறதே வேறு என்று மலையாளத்தில் பொறுமையாகச் சொன்னார். எடுத்தபின் ஒன்றும் போடாமல் நிறுத்தினால் என்ன என்று கேட்டேன். அதற்கு எந்தச் சட்டமும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

கேரள நம்பர் வந்தது. பலகை மாட்டிய அன்றே வெள்ளறடையிலிருந்து ஆள் வந்தது: பால் நிறைய உறைந்து கிடக்கிறது, உருளையைக் கையால் சுற்றி அண்ணனுக்குத் தோள் வலி. சனிக்கிழமை என்ஜினைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன். கல்யாணத்தன்று மாலையில் கட்டிய சேலையைக் கட்டிக்கொண்டு ஷீபா வாசலில் நின்றாள்.

"இது எஞ்சினைக் குடுக்கப் போற போக்கு" என்றேன்.

"எதுவானா என்ன? நம்ம வாசல்ல இருந்தில்லா போகுது. நானும் வாறேன்."

நாலுபேர் பார்க்க ஏறினாள். சரியாகச் சொன்னால் அதைவிடக் கூடுதல் பேர். மாமனார் முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். வெள்ளறடை வரை அவள் கண்ணாடியை இறக்கி, முழங்கையை வெளியே வைத்து, மகாராணி மாதிரி வந்தாள். டீச்சர் என்ஜின் அன்று நன்றாகவே ஓடியது. அவ்வளவு காலம் அதைக் குறைசொன்னதற்காக எனக்கு உள்ளூர வருத்தமாக இருந்தது.

ஜெகன் முன்பே வந்து பலாமரத்தில் சங்கிலி கட்டிக் காத்திருந்தான். என்ஜின் ஆடிக்கொண்டே மேலே எழுந்து ஓலைக்கூரைக்குப் போனது. காலியான பானெட்டுக்குள் பேட்டரி மட்டும் இருந்தது, எட்டிப்பார்த்தால் தரையில் கிடந்த சருகு தெரிந்தது. தங்கமணி அண்ணன் ஜீப்பின் பின்னால் வடத்தைக் கட்டி, மறுமுனையை எங்கள் காரில் கட்டினார். ஷீபா மறுபடி அதே சீட்டில் ஏறினாள். என்ஜின் இல்லாத வண்டியில் ஸ்டீயரிங் அம்மிக்கல்லாக இருக்கும், பிரேக்கை ஏறி மிதிக்கவேண்டும். நான் வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தேன். அவள் வழியில் தெரிந்தவர்களுக்கெல்லாம் கை காட்டினாள். ஒரு வளைவில் நின்ற அம்மா, "எந்து பற்றி, வண்டி கேடா?" என்று கேட்டாள். "கேடு ஒண்ணும் இல்ல, நல்ல வண்டியாக்கும்" என்றாள் ஷீபா. ஜீப் இழுக்க, அந்த நல்ல வண்டி சத்தமே இல்லாமல் இறக்கம் இறங்கியது.

உதியன்குளங்கரை சந்திப்பில் ஜீப் வேகம் குறைத்தது. வலப்பக்கம் திரும்பினால் எங்கள் வீடு, இடப்பக்கம் பாறசாலை, அதைத் தாண்டினால் களியக்காவிளை. இந்த ஸ்டீயரிங்கைப் பிடித்தால் அந்தப் பக்கம் போய்ப் பழகிய என் கை, என்னைக் கேட்காமல் இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டுவிட்டது. ஷீபா அது மின்னுவதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் அணைக்கவில்லை. வடம் இறுகியது. களியக்காவிளைக்குப் போகிறேன், களியக்காவிளைக்குப் போகிறேன் என்று சந்திப்பில் நின்ற அத்தனை பேருக்கும் மின்னிக் காட்டிக்கொண்டே வண்டி வீட்டுப் பக்கம் திரும்பியது.