தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன்

எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில், கடலுக்குப் போய் வந்து படுத்தவரை யாரும் எழுப்ப மாட்டோம். சத்தம் போடும் பிள்ளைகளைக்கூடத் தெருவுக்கு விரட்டிவிடுவோம். போன ஆடியில் அந்த வழக்கமே என் தாலிக்கு உலை வைக்கப் பார்த்தது.

திருவிழாவுக்கு மெட்ராஸிலிருந்து வந்த என் கணவரின் சிநேகிதர், "டான்ஸ் ஆடுற ஓட்டல்ல பெரிய மனுசனுங்க போடுறதுப்பா, சும்மா மெதக்கலாம்" என்று சில மாத்திரைகளைக் கொடுத்திருக்கிறார். கடலிலிருந்து வந்த அலுப்பில் இவரும் சாராயத்தோடு விழுங்கிவிட்டு வந்து படுத்திருக்கிறார். எனக்கு இதெல்லாம் தெரியாது. குறட்டை வாசல்வரை கேட்டது. நல்ல தூக்கம் என்று நான் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

மதியம் தண்ணீர் குடிக்க உள்ளே போன என் நாத்தனார், "அண்ணி, அண்ணன் வாய்ல ஈ மொய்க்குது, ஓட்டாம கீறாரு! இன்னான்னு வந்து பாரு!" என்று அலறினாள். ஓடிப்போய்ப் பார்த்தால் உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு விட்டுவிட்டு வந்தது. உலுக்கியும் எழவில்லை. படகில் ஏரியைத் தாண்டி, பழவேற்காட்டில் கார் பிடித்து, பொன்னேரிக்குக் கொண்டுபோனோம்.

காலையிலிருந்து குறட்டை விட்டுத் தூங்கினார் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் சட்டைப் பையில் மிச்சமிருந்த மாத்திரையை டாக்டர் பார்த்தார். "இது தூக்க மாத்திரைம்மா. சாராயமும் சேர்ந்தா மூச்சையே அடக்கிடும். நீங்க கேட்டது குறட்டை இல்ல, மூச்சுக்குத் திணறின சத்தம்" என்றார். எப்படியோ பிழைத்துவிட்டார்.

இப்போதெல்லாம் அவர் படுத்த கொஞ்ச நேரத்தில் நானே போய் உலுக்கி எழுப்புகிறேன். "இன்னா பொம்பளடி நீ, தூங்க வுடமாட்டியா!" என்று கத்துகிறார். அந்தத் திட்டைக் காதால் கேட்ட பிறகுதான் கருவாட்டுப் பக்கம் போகிறேன்.