பதுவைக்குப் போன வெள்ளி வள்ளம்

தலவில அன்னம்மாள் கோயில் திருவிழாவில், கோயிலைப் பார்க்காமல் சனத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் இரண்டே வகை என்பது கமறியாவின் முடிவு. ஒருவன் கள்ளன், மற்றவன் யாவாரி. தன்னையும் சேர்த்துத்தான் அப்படிச் சொல்வாள். இருபத்திரண்டு வருடங்களாக மார்ச் மாதத் திருவிழாவுக்கும் ஓகஸ்ட் திருவிழாவுக்கும் அங்கே கூடாரம் போட்டுப் பேரீச்சம்பழமும் மஸ்கட், தொதல் இனிப்புகளும் விற்கிறவள் அவள். வந்து குவிகிற அத்தனை சனமும் ஒரே திசையைப் பார்க்கும். எதிர்த் திசையைப் பார்க்கிற கண்ணை அவள் தவறவிட்டதில்லை.

அவள் ஊரான எத்தாளையில் அவளைத் துணிச்சல்காரி என்பார்கள். அந்தச் சொல் அவளுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. துணிச்சல் என்பது என்ன நடக்கும் என்று தெரியாதபோது வேண்டியிருப்பது. கமறியாவுக்கு என்ன நடக்கும் என்று பெரும்பாலும் தெரிந்திருந்தது. தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கியபோது அவளுக்கு வயது பன்னிரண்டு. வழியில் அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டவை போக, ஒரு தெளிவு மட்டும் மிஞ்சியது. பெரிய களவைத் தடுக்க முடியாது, சின்னக் களவைத் தடுக்கலாம். அவள் சின்னக் களவைப் படித்தாள். கொதிக்கிற வெயிலில் கையில் சட்டையை மடித்துப் போட்டுக்கொண்டு திரிகிறவன் யார், நெரிசலில் காரணமில்லாமல் திடீரென்று நிற்கிறவன் யார் என்றெல்லாம் படித்தாள். எங்கே கூச்சல் எழுகிறதோ அங்கே களவு நடக்காது, அதற்குப் பக்கத்தில்தான் நடக்கும் என்பதையும் படித்தாள்.

கிளைட்டன் கற்பிட்டிக் கரையில் மீன்பிடிக்கிறவன். அவன் மனைவி திருவிழாவில் கமறியாவின் கடைக்கு அடுத்த கடையில் மெழுகுதிரி விற்பாள். மூன்று வருடங்களுக்கு முன் நடுக்கடலில் அவனுடைய வள்ளத்தின் எஞ்சின் நின்றுபோனது. ஆறு நாள் நீரோட்டம் இழுத்த பக்கம் போனான். நான்காம் நாள் பதுவை அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தான். உயிரோடு கரை சேர்ந்தால் வெள்ளியில் ஒரு வள்ளம் செய்து இத்தாலியில் இருக்கும் பதுவையிலேயே கொண்டுபோய் வைக்கிறேன் என்று. கரை சேர்ந்தான். சிலாபத்துத் தட்டார் ஒருவர் விரல் நீளத்தில் ஒரு வள்ளம் செய்து கொடுத்தார். அணியத்தில், அதன் முன்முனையில், அவன் வள்ளத்தின் பதிவு இலக்கத்தையும் பொறித்தார். அதன்பிறகு அது அவன் வீட்டு அலுமாரியிலேயே கிடந்தது. தலவிலவில் வைத்தாலே போதும் என்று பாதிரியார் சொல்லிப் பார்த்தார். "வாய் சொன்னது பதுவை, ஃபாதர்" என்றுவிட்டான்.

கமறியாவின் தம்பி நஜாத் மிலானில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை செய்கிறான். ஒரு மாதம் வந்து நில்லுங்கள் என்று அவன் விசா எடுத்து அனுப்பிய செய்தி கற்பிட்டிக்குப் போக அரை நாள் ஆகவில்லை. கிளைட்டன் வந்து நின்றான்.

"கமறியாக்கா, இத்தாலிக்குப் போறீங்களாமே."

"தம்பிட வீட்டுக்குப் போறேன். இத்தாலி நடுவுல கெடக்கு."

அவன் காற்சட்டைப் பையிலிருந்து ஒரு லேஞ்சித் துணியை எடுத்து அவிழ்த்தான். வெள்ளி வள்ளம் மேசையில் இருந்தது.

"போஸ்ட்ல அனுப்பேன்டா."

"போஸ்ட்ல போனா அது பார்சல் அக்கா. கையால வச்சாத்தான் நேர்த்தி."

"நான் கும்பிட மாட்டேன். அது ஒனக்குத் தெரியும்."

"கும்பிடுற வேலைய நான் இங்கருந்து பாத்துக்கொள்றேன். நீங்க வச்சிட்டு வந்தாச் சரி."

கமறியா கணவனைப் பார்த்தாள். ஜபார் வெங்காயத் தாள் நறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "அமானத்து எண்டா அமானத்துத்தான். பொதி சுமக்கிற கழுதக்கிட்ட மார்க்கம் கேக்கிறதில்ல."

"ஆரு கழுத?"

"நான் பொதுவாச் சொன்னேன்."

அமானத்து என்பது நம்பி ஒப்படைத்த பொருள். தன் பொருள் தொலைந்தால் நட்டம். அமானத்து தொலைந்தால் முகம் தொலையும். வள்ளத்தைக் கையில் எடுத்த அந்தக் கணத்திலேயே கமறியாவுக்கு இத்தாலி என்பது தம்பி வீடு என்பதிலிருந்து ஒரு பெரிய திருவிழாக் கூட்டமாக மாறிவிட்டது.

மிலானில் தம்பி மனைவி றிஃப்னா வீட்டைவிட்டு வெளியே போவதையே குறைத்திருந்தாள். நிலக்கீழ் ரயிலின் கதவு மூடுகிற நேரத்தில் அவளுடைய கைத்தொலைபேசியும் வதிவிட அட்டையும் ஒன்றாகப் போயின. புது அட்டை கிடைக்க அவள் பட்ட பாடு பெரிது. பதுவைக்குப் போகவேண்டும் என்றதும் அவள் விரல் மடக்கத் தொடங்கினாள்.

"டிக்கட் மெசினுக்குப் பக்கத்துல உதவி செய்ய வருவாங்க மதினி, நம்பக்கூடாது. கையில நூல் கட்ட வருவாங்க. பேப்பர்ல சைன் வைக்கச் சொல்லுவாங்க. மோதிரம் விழுந்து கெடக்கு, ஒங்கடதா எண்டு கேப்பாங்க. பொய்ப் பொலிஸும் இரிக்கி."

"பொய்ப் பொலிஸ் என்ன செய்வான்?"

"பேர்சக் காட்டு எண்டு கேப்பான். யூனிபோம் இல்லாதவனுக்குக் காட்டவே கூடாது."

இந்தக் கடைசி வகை மட்டும் தலவிலவில் இல்லாதது. கமறியா அதை மனத்தில் வைத்துக்கொண்டாள். மற்றவை எல்லாம் பழைய ஆட்கள், வேறு பாஷை.

நஜாத்துக்கு லீவு கிடைக்கவில்லை. இரண்டு பெண்களுமாகப் புறப்பட்டார்கள். அபாயாவுக்குள், இடுப்பில் தைத்த துணிப்பையில் வள்ளம் இருந்தது. தோளில் தொங்கிய கைப்பையின் வாயில், எடுக்க வசதியாக ஒரு தடித்த பேர்ஸ் துருத்திக்கொண்டிருந்தது. திருவிழாவிலும் அவள் இப்படி ஒன்றை வைத்திருப்பாள். உள்ளே பேரீச்சங்கொட்டை.

மிலான் ஸ்டேஷனில் டிக்கட் மெசினுக்கு முன்னால் நின்றதும் சிரித்த முகத்தோடு ஒருவன் வந்தான். றிஃப்னா ஒதுங்கினாள். அவன் விரல் திரையைத் தொடுமுன் கமறியா தன் உள்ளங்கையை விரித்துத் திரை முழுவதையும் மூடினாள். அவனைப் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள். சிரிப்பு ஒருமுறை தடுமாறியது. அவன் அடுத்த மெசினுக்குப் போனான். கொஞ்ச தூரத்தில் இரண்டு பெண்கள் அட்டையும் பேனையுமாக வந்து கையெழுத்துக் கேட்டார்கள். றிஃப்னா அட்டையைப் பார்த்தாள். கமறியா அட்டைக்குக் கீழே இருந்த கையைப் பார்த்தாள். அந்தக் கை பின்னுக்குப் போனது.

ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகு றிஃப்னா கத்திவிட்டாள். "மதினி! ஒங்கட பேர்சக் காணல்ல!"

கமறியா கைப்பையை எட்டிப் பார்த்தாள். "போகட்டும். நட்டு வச்சா ஒரு மரமாவது வரும்."

றிஃப்னா விளங்காமல் விழித்தாள். விளங்கியதும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பதுவையில் அந்தோனியார் கோயிலுக்கு முன்னால் விரிந்த கல் முற்றம். பஸ் பஸ்ஸாகச் சனம். கமறியா உடனே உள்ளே போகவில்லை. எந்தக் கூட்டத்துக்குள்ளும் அவள் அப்படிப் போனவள் அல்ல. ஒரு சுவரோரமாக நின்றாள். முதலில் கூட்டத்தைப் படிக்கவேண்டும். யாருடைய கை எங்கே இருக்கிறது, யாருடைய பை திறந்திருக்கிறது, யார் எதற்காக நிற்கிறார் என்று இடுப்பு இடுப்பாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். வெயிலில் கையில் கோட்டை மடித்துப் போட்ட ஒருவன் அகப்பட்டான். அவன் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் இவள் கண்ணும் நகர்ந்தது. இப்படிக் கால் மணி நேரம் போயிருக்கும்.

சாதாரண உடுப்பில் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் அவள் முன்னால் வந்து நின்றார்கள். அந்தப் பெண் ஓர் அட்டையைக் காட்டி ஏதோ சொன்னாள். றிஃப்னாவின் முகம் வெளுத்தது.

"பொலிஸாம் மதினி. பையையும் உடுப்பையும் பாக்கணுமாம்."

"யூனிபோம் எங்க எண்டு கேளு."

"மதினி..."

"கேளு புள்ள. நீதானே சொல்லித் தந்த."

றிஃப்னா கேட்டாள். அந்தப் பெண்ணுக்குக் கோபம் வரவில்லை. தலையசைத்துவிட்டு, முற்றத்தின் மூலையில் நின்ற பொலிஸ் காரைக் கைகாட்டி அழைத்தாள். சீருடை போட்ட ஒருவர் இறங்கி வந்தார். கமறியா காரைப் பார்த்தாள், அதன் எழுத்தைப் பார்த்தாள், அவர் தொப்பியைப் பார்த்தாள். இது மெய்தான் என்று உறுதியானதும் கைப்பையைத் தானே நீட்டினாள்.

காரின் மறைவில் பெண் பொலிஸ்காரி இடுப்புப் பையைத் தொட்டாள். வெள்ளி வள்ளம் வெளியே வந்தது. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கேள்விகள் வேகமாக வந்தன. றிஃப்னா திணறித் திணறிச் சொன்னாள்.

"கோயில்கள்ல சனம் வைக்கிற வெள்ளிச் சாமான் களவு போகுதாம். இது எந்தக் கோயில்ல எடுத்தது எண்டு கேக்கிறாங்க. விசாரிக்கும்வரைக்கும் இத அவங்க வச்சிக்கொள்ளணுமாம்."

எடுக்க வந்தவன் கள்ளனாக இருந்தால் என்ன செய்யவேண்டும் என்று கமறியாவுக்குத் தெரியும். தன்னைக் கள்ளி என்று நினைக்கிறவனிடம் என்ன செய்வது என்று இருபத்திரண்டு வருடத் திருவிழாவும் சொல்லித் தரவில்லை. விசாரணை முடிய எவ்வளவு காலம் போகும்? அவளுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் விசா.

"என்னை ஏன் பிடிச்சாங்க எண்டு கேளு."

றிஃப்னா கேட்டுவிட்டுத் தயங்கினாள். "கால் மணித்தியாலமா இங்கயே நிண்டு ஆக்கள்ட இடுப்பப் பாத்துக்கொண்டிருந்தீங்களாம். கோயில ஒருக்காக்கூடப் பாக்கல்லயாம்."

கமறியா சிறிது நேரம் அந்தப் பெண் பொலிஸ்காரியைப் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. பயத்தில் வந்த சிரிப்பாக அது இருக்கவில்லை. தன் தொழிலை இன்னொருத்தி ஒழுங்காகச் செய்கிறாள் என்று கண்டபோது வருகிற சிரிப்பு.

"சரியாத்தான் பிடிச்சிரிக்கிறா. நானா இருந்தாலும் என்னத்தான் பிடிச்சிருப்பேன்."

அந்த நினைப்பு அவளை நிலைக்குக் கொண்டுவந்தது. இந்தப் பெண்ணும் தன்னைப் போலக் கண்ணால் கண்டதை மட்டும் நம்புகிறவள். அப்படியானவளுக்குக் கதை சொல்லிப் பிரயோசனமில்லை. காட்டவேண்டும். கமறியா ஃபோனை எடுத்துக் கிளைட்டனுக்கு வீடியோ அழைப்பு எடுத்தாள். கற்பிட்டியில் பிற்பகல் இரண்டரை தாண்டியிருக்கும். வெறும் மேலோடு கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவன் திரையில் வந்தான்.

"வச்சாச்சா அக்கா?"

"சட்டையப் போடு. பொலிஸ் நிக்கிது."

"என்ன!"

"வள்ளத்தக் காட்டு."

"அக்கா என்ன நடந்த?"

"ஒண்ட மூஞ்சி வேணாம்டா, வள்ளத்தக் காட்டு! நம்பரக் காட்டு!"

திரையில் மணல் குலுங்கியது, கால்கள் ஓடின, வானம் கவிழ்ந்தது. பிறகு கரையில் ஏற்றி வைத்த நீல வள்ளத்தின் அணியம் வந்து நின்றது. கறுப்பு மையில் நான்கு இலக்கங்கள். பெண் பொலிஸ்காரி வெள்ளி வள்ளத்தைக் கண்ணுக்கு அருகில் பிடித்து, நகத்தால் ஒவ்வோர் இலக்கமாகத் தொட்டுத் திரையோடு ஒப்பிட்டாள். மூன்று. ஒன்று. நான்கு. கடைசி ஏழு, கிளைட்டன் தன் கையாலேயே எழுதியது, பக்கவாட்டில் சாய்ந்து விழப்போவதுபோல நிற்கும். தட்டார் அதை நிமிர்த்தவில்லை. பார்த்ததைப் பார்த்தபடியே பொறித்திருந்தார். வெள்ளியிலும் அந்த ஏழு அதே பக்கம் சாய்ந்து நின்றது.

பெண் பொலிஸ்காரி அந்தச் சாய்ந்த இலக்கத்தைக் காட்டித் தன்னோடு வந்தவரிடம் ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். வள்ளத்தை லேஞ்சியில் சுற்றி, இரண்டு கையாலும் கமறியாவிடம் கொடுத்தாள். மன்னிப்புக் கேட்கிறாள் என்று றிஃப்னா சொன்னாள்.

"மன்னிப்பு வேணாம். அந்தக் கோட்டுக்காரனப் பாக்கச் சொல்லு. பச்சக் குடைக்குப் பின்னால நிக்கிறான். அவனும் கோயிலப் பாக்கல்ல."

றிஃப்னா சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண்ணின் கண் பச்சைக் குடைப் பக்கம் போய்விட்டது. அங்கே என்ன நடந்தது என்று பார்க்கக் கமறியா நிற்கவில்லை. அவளுக்கு வேறு வேலை இருந்தது.

உள்ளே காணிக்கைப் பொருள்கள் வாங்கும் இடத்தில் ஒரு முதிய துறவி இருந்தார். றிஃப்னா கடல், எஞ்சின், ஆறு நாள் என்று தனக்குத் தெரிந்த சொற்களை அடுக்கினாள். அவர் அவசரப்படாமல் கேட்டார். பிறகு எழுந்து, மற்ற வெள்ளிக் கைகளும் இதயங்களும் தொங்கிய பலகைக்கு அவர்களைக் கூட்டிப்போய், ஒரு வெற்றிடத்தைக் காட்டினார். கமறியா தன் கையாலேயே வைத்தாள். கும்பிடவில்லை. வள்ளம் நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள். சாய்ந்திருந்தது, திருப்பி வைத்தாள்.

வெளியே வந்ததும் ஃபோன் அடித்தது. கிளைட்டன் இப்போது சட்டை போட்டிருந்தான்.

"வச்சாச்சு" என்றாள்.

கிளைட்டன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். கரையில் யாரோ யாரையோ கூப்பிடுவது கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான்.

"கோயில் எப்பிடி அக்கா இரிக்கி?"

கமறியா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். உள்ளே போய் வந்தும் கோயிலை அவள் பார்த்திருக்கவில்லை. முற்றத்தில் எத்தனை பேர் தொப்பி போட்டிருந்தார்கள், எத்தனை பை பின்பக்கம் தொங்கியது என்றெல்லாம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். இடுப்பில் கையை வைத்துப் பார்த்தாள். பை வெறுமையாக இருந்தது.

"பொறு, பாத்திட்டுச் சொல்றேன்" என்றுவிட்டு, முதல் தடவையாகச் சனத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, நிமிர்ந்து பார்த்தாள்.