கொழுந்து எடுப்பவளுக்கு வசனம் இல்லையாம்!

இங்கே ஜேர்மன் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள் அபி, போன வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

பள்ளிக்கூடத்தில் ‘அந்தக் கால நாள்’ வருகிறதாம். காலனிக் காலத்தில் தேயிலை, கறுவா, கொக்கோ விற்ற பலசரக்குக் கடையைப் பிள்ளைகளே நடத்திக் காட்ட வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் ஒருத்தி முதலாளி, ஒருவன் கப்பல் கப்டன். அபிக்கு வந்தது தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்.

“நல்லதுதானே?” என்றேன்.

“எல்லாருக்கும் பேர் இருக்கு, வசனம் இருக்கு. எனக்கு மட்டும் ஒண்டும் இல்லை அம்மா. கூடையோட சும்மா நிக்கோணுமாம்!”

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. அடுத்த நாளே ரீச்சரைச் சந்திக்க டெர்மின் எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போனேன். அந்த மனுசியோ முகம் சிவந்து, “நான் இதை யோசிக்கவே இல்லை. கொழுந்து எப்படி எடுப்பார்கள் என்று வந்து காட்டுவீர்களா?” என்று கேட்டுவிட்டார்.

நானா? யாழ்ப்பாணத்தில் பிறந்து, தேயிலையைத் தகரப் பேணிக்குள் மட்டுமே கண்டவள் நான்!

தெரிந்த ஆள் என் வீட்டில்தான் இருந்தார். என் கணவர் மலைநாட்டில், ஹற்றனில், தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் வளர்ந்தவர். ஆனால் இங்கே யார் ஊரைக் கேட்டாலும் “யாழ்ப்பாணம்” என்று சொல்லி முடித்துவிடுவார். அபிக்குக்கூடச் சொன்னதில்லை. வந்த புதிதில் “ஓ... தோட்டக்காட்டு ஆளோ?” என்று கேட்டது வேறு யாருமில்லை — யாழ்ப்பாணத்து நம்மவர்கள்தான்.

“இஞ்சேருங்கோ, நீங்கள் வந்து காட்டுவியளோ?”

“ஏலாது. அங்க எங்கட ஆக்களும் வருவினம்.”

நான் வற்புறுத்தவில்லை.

‘அந்தக் கால நாள்’ அன்று காலை வேலைக்குப் போன மனுசன், நிகழ்ச்சி தொடங்கும்போது பள்ளிக்கூட வாசலில் நிற்கிறார்! “என்ர பிள்ளை ஊமையா நிக்கக்கூடாது” என்றார். அவ்வளவுதான்.

கூடைக் கயிற்றை அபியின் தலையில் மாட்டினார். முற்றத்து வேலிச் செடியில் இரண்டு இலை, ஒரு மொட்டு என்று கிள்ளிக் காட்டினார். பிறகென்ன... மொத்த வகுப்பும் சேர்ந்து வேலியை மொட்டையடித்தது. ரீச்சர் பாவம், தடுக்கவும் இல்லை.

“அப்பா, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்று கேட்டாள் அபி.

பக்கத்தில் நம்மவர்கள் இரண்டு குடும்பம். அவர் அவர்களை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: “என்ர அக்கா கொழுந்து எடுக்கிறவ. நான் தோட்டத்துப் பிள்ளை.” பிறகு அதையே டொச் மொழியில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ரீச்சர் அக்காவின் பெயரைக் கேட்டு, ‘லெட்சுமி’ என்று எழுதி அபியின் சட்டையில் ஒட்டினார். ஒரு பொடியன் கை உயர்த்தி, “இந்த வேலை எப்போது நின்றது?” என்றான்.

“நிற்கவில்லையே! அக்கா இன்றைக்கும் மலைக்குப் போயிருக்கிறா.”

அந்தக் கால நாளாவது, மண்ணாவது!

ஆனாலும் அந்த ரீச்சருக்கு நான் ஆயுளுக்கும் நன்றி சொல்வேன். சண்டைக்கு வந்தவளிடம் உதவி கேட்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

திரும்பி வரும்போது எங்கள் நகரத்துத் தொங்குரயிலில் நல்ல சனம். இவர் போனை எடுத்தார். இத்தனை வருடமும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அக்காவோடு கதைத்தவர், அத்தனை பேர் நடுவிலும் தன் மலைநாட்டுத் தமிழில் சத்தமாகச் சொன்னார்:

“அக்கா, நம்ம புள்ள இன்னைக்கு ஒன்னய மாதிரியே நடிச்சிச்சுக்கா!”